எட்டு மட்டும் எட்டில்

செருகியது சுலபமாகத்தான் போனது.
முதல் ஏமாற்று அதுதான்.
இந்தப் பக்கம் ஒன்பது துளை, அந்தப் பக்கம் ஒன்பது ஊசி,
பல்லும் ஈறுமாகக் கவ்விக்கொண்டு நின்றது.

வலப்பக்கம் தள்ளினேன்: சுட்டது.
சுடும் பட்டனை அமுக்கினேன்: வலப்பக்கம் நடந்தது.
மேல், கீழ், இடது
ஒன்றுக்கும் பதில் இல்லை.
திரையில் அந்தப் பொடியன்
சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்,
எதிரி நிதானமாக முதுகுப் பக்கம் வர.

கம்ப்யூட்டர் போஜனின் பழைய சாமான் கடையில் கிடைத்தது.
ஏதோ போர்டிங் ஸ்கூல் கழித்துவிட்டது.
கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்தான்.
தராசில் கேரட் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

ஜாய்ஸ்டிக் என்னுடையது.
என்னுடையதாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.
சாமான் பிரித்த நாளில்
கம்ப்யூட்டரும் மிக்ஸியும் சிரிலுக்கு,
கட்டிலும் கேஸ் சிலிண்டரும் எனக்கு.
அவன் ஜீப் மேட்டுப்பாளையம் ரோட்டில்
மூன்றாவது வளைவு தாண்டியிருக்கும்,
இது கட்டிலுக்கு அடியில்
வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.
நான் அனுப்பவில்லை. அவன் கேட்கவில்லை.
பதினோரு வருஷம்.

ஒரே அச்சில் பிளக் வார்த்துவிட்டு
உள்ளே ஊசிகளின் வேலையை மட்டும் மாற்றியிருக்கிறான்
இரண்டாவது கம்பெனிக்காரன்.
குச்சியையும் என்னிடமே வாங்கு என்கிறான்.

டானிங்டனில் பகலெல்லாம் கரண்ட் உண்டு, வோல்டேஜ் கிடையாது.
தெருவுக்குக் கீழே தேயிலை ஃபேக்டரி.
அங்கே ரோலர் ஓடும்வரை
என் சால்டரிங் அயன் ஈயத்தைத் தடவிக்கொடுக்கும்,
உருக்காது.
ராத்திரி ஒன்றரைக்கு ரோலர் நின்றது.
ட்யூப்லைட் ஒரு முறை நிமிர்ந்து உட்கார்ந்தது.
பிளக்கின் கழுத்தை வெட்டினேன்.

வெள்ளை, மேல்: ஒன்றிலிருந்து ஐந்துக்கு.
நீலம், கீழ்: இரண்டிலிருந்து ஒன்பதுக்கு.
பச்சை, இடது, மூன்றை விட்டு ஏழுக்கு.
பழுப்பும் ஆரஞ்சும்
ஒன்றின் வீட்டுக்கு மற்றொன்று குடிபோயின,
நாலு ஆறுக்கு, ஆறு நாலுக்கு.
கறுப்பு,
யார் எங்கே போனாலும் திரும்பி வந்து சேர்கிற பொதுக் கம்பி,
எட்டில் இருந்தது.
இந்த மெஷினும் அதை எட்டில்தான் கேட்டது.
ஒன்பது வாசலில்
இரண்டு பேருக்கும் எட்டியது
எட்டு ஒன்றுதான்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
மேல், பீப். இடது, பீப். வலதும்.
கீழ்தான் அந்தக் காலத்திலேயே செத்துப்போனது.
பத்து தடவை அழுத்தினால் ஒரு தடவை கேட்கும்.
"கையா அது, உலக்கை" என்பான் சிரில்.
நான்தான் உடைத்தேன் என்று
நானும் நம்பியிருந்தேன்.

கீழும் பீப் என்றது. பிசகாமல்.

நம்பாமல் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.
கீழ்த் திசையின் சின்னத் தகட்டுக்கு அடியில்
சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள்,
அரிசி அளவுக்கு மடித்து வைத்தது.
மேலே செல்லோடேப்,
ஓரங்கள் கத்தரியால் நேராக நறுக்கியது.
அந்த நேர்கோடு எனக்குத் தெரியும்.
பால் கவரைக்கூட அப்படித்தான் வெட்டுவான்.

எப்போது செய்தான்?
திட்டியதற்கு முன்பா, பின்பா?
ஜீப் வந்து நின்ற அந்தக் காலையிலா?
மலைப் பனி செம்பையெல்லாம் பச்சையாக்குகிற ஊரில்
அந்தத் தாள் மட்டும்
இன்று கடையில் வாங்கியதுபோல் மினுங்கியது.

எடுக்கவில்லை.
ஓடுகிறதைத் தொடாதே என்பது என் கடைச் சட்டம்.
மூடி ஸ்க்ரூக்களை இறுக்கினேன், மூன்றை.
நாலாவது எங்கேயோ உருண்டுவிட்டது.

கேசட் நாலு நிமிஷம் கிறீச்சிட்டு ஓய்ந்தது.
பொடியனை ஏணியில் விட்டேன்.
கீழ் என்றால் கீழ்.
முதல் உயிர் மூன்று நொடியில் போனது. கை பழகவில்லை.
இரண்டாவதில் கொஞ்ச தூரம் போனோம்.

ஐந்து மணிக்கு ரோலர் மறுபடி சுற்றத் தொடங்க
படம் நாலு ஓரமும் சுருங்கி
டிவியின் நடுவில் ஒரு தபால் கார்டு அளவில் நின்றது.
அதற்குள்
பொடியன் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தான்.